டோக்கியோவுக்குக் கையேட்டோடு புறப்படுகிறவர்களுக்கு

முதன்முறையாக டோக்கியோ போகும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் புத்தகங்களில் ஒரு வகை உண்டு. சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். ஒரே நிறத்தில் பளிச்சென்ற அட்டை, உள்ளே கட்டடங்களும் விடுதி வரவேற்பறைகளும் அசத்தலான படங்களாக இருக்கும். ‘வால்பேப்பர்’ இதழின் பெயரில் ஃபைடன் பதிப்பகம் 2006 முதல் கொண்டுவந்த நகரக் கையேடுகள் இந்த வகையில் பேர்பெற்றவை. “இதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதுமா?” என்று கேட்கிறார்கள். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது. வழி, சாப்பாடு, நேரம், செலவு ஆகியவற்றுக்கு இதை நம்பி இறங்காதீர்கள். அதை விரித்துச் சொல்கிறேன்.

1. வாங்கியதும் படங்களைப் புரட்டாதீர்கள், பதிப்பாண்டைப் பாருங்கள். டோக்கியோ இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் ஊர். கிஷோ குரோகாவா 1972-இல் கட்டிய நாகாகின் கேப்சூல் கோபுரம் இத்தகைய புத்தகங்களின் செல்லப்பிள்ளை. 140 சிறு பெட்டி அறைகளை இரண்டு தூண்களில் பொருத்திய அந்தக் கட்டடம் 2022-இல் பிரித்து எடுக்கப்பட்டது. 1938-இல் கட்டிய வீட்டில் இயங்கிய ஹாரா நவீனக் கலைக்கூடம் 2021 ஜனவரியில் மூடப்பட்டது. சுகிஜி மீன்சந்தையின் மொத்த ஏலம் 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு இடம்பெயர்ந்தது. சுகிஜியில் இப்போது இருப்பது வெளிச்சந்தைதான். ஒகுரா விடுதியின் 1962-ஆம் ஆண்டுக் கட்டடத்தை 2015-இல் இடித்தார்கள். அதன் புகழ்பெற்ற முன்கூடத்தை, முதலில் அதை வடிவமைத்தவரின் மகன் யோஷியோ தனிகுச்சியே 2019-இல் புதுக் கட்டடத்துக்குள் மறுபடி அமைத்தார். பழைய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றைத் தேடினால் அரை நாள் போய்விடும். அதற்காகப் பழைய பதிப்பைத் தூக்கி எறியவும் வேண்டாம். இல்லாமற்போன கட்டடங்களின் நல்ல படங்கள் அதில்தான் இருக்கின்றன.

2. புறப்படுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிடுங்கள். தெருமுனையில் நின்று பக்கம் புரட்டிக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பது கண்ணில் படாது. சில கட்டடங்களின் பெயரும் கட்டியவர் பெயரும் ஆண்டும் மனதில் தங்கினால் போதும்.

3. இந்தப் புத்தகத்தின் முழுப் பயனும் ஹராஜுகு, ஒமோதெசாந்தோ பக்கத்தில்தான் கிடைக்கும். ஒரு முழுக் காலைப்பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். ஹராஜுகு நிலையத்தில் இறங்கி முதலில் யோயோகி விளையாட்டரங்கைப் பாருங்கள். 1964 ஒலிம்பிக்ஸுக்காகக் கென்சோ டாங்கே கட்டியது. தொங்குபாலத்தைத் தாங்குவதுபோலவே எஃகு வடங்கள் அந்தக் கூரையைத் தாங்குகின்றன. உள்ளே நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. வெளியே சுற்றி நடந்தாலே வடம் எங்கிருந்து எங்கே போகிறது என்று புரிந்துவிடும். பிறகு ஒமோதெசாந்தோ சாலையில் மெதுவாக இறங்கி நடங்கள். இருபுறமும் கெயாகி மரங்கள். தாதாவ் அந்தோவின் ஒமோதெசாந்தோ ஹில்ஸ் 2006-இல் திறந்தது. டொயோ இதோ 2004-இல் டாட்ஸ் கடைக்காகக் கட்டிய கட்டடத்தின் கான்கிரீட் சுவர் அந்த மரங்களின் கிளைகளைப் போலவே பிரிந்து மேலேறுகிறது. கட்டடத்தைப் பார்த்துவிட்டு மரத்தைப் பாருங்கள், மறுபடி கட்டடத்தைப் பாருங்கள். கையேடு இல்லாமல் போகிறவர்களில் பலர் அதைத் துணிக்கடை என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஹெர்ட்ஸாக், த மெரோன் இருவரும் 2003-இல் கட்டிய பிராடா கடை. சாய்சதுரக் கண்ணாடிகளில் சில உட்குழிந்தும் சில வெளிப்புடைத்தும் இருக்கும். வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியில் நின்று பார்க்கலாம். சாலை முடியும் இடத்தில் நெசு அருங்காட்சியகம். கெங்கோ கூமாவின் கைவண்ணம், 2009. பின்னால் பெரிய தோட்டம் இருக்கிறது. நிலையத்திலிருந்து இதுவரை மொத்தம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான்.

4. முகவரி மட்டும் எழுதியிருந்தால் அதைக்கொண்டு இடம் கண்டுபிடிக்க முடியாது. டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. மினாமி அவோயாமா 5-2-6 என்றால் அந்தப் பகுதியின் ஐந்தாம் வட்டாரம், அதில் இரண்டாம் மனைத்தொகுதி, அதில் ஆறாம் எண் என்று பொருள். பழைய இடங்களில் ஆறாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஏழு இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று விஷயங்களை முன்கூட்டியே ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நிலையம், எந்த எண் வாசல், கட்டடத்தில் எத்தனையாவது மாடி. ஷிஞ்சுகு நிலையத்துக்கு இருநூறுக்கு மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் வெளியே வந்தால் போகவேண்டிய இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் நிற்பீர்கள். மாடி எண்ணை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே நல்ல உணவகம் ஐந்தாம் மாடியிலும் இருக்கும், நிலவறையிலும் இருக்கும். தரைத்தளத்தில் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

5. விடுதிப் பக்கங்களைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கத் தூய்மையான சிறு அறை போதும். டோக்கியோவின் வணிக விடுதிகளில் அது கிடைக்கிறது. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க, விடுதி மதுக்கூடத்தில் செலவு செய்யவும் தேவையில்லை. ஷிஞ்சுகுவில் டாங்கேயின் பெருநகர அரசுக் கட்டடத்தில் 45-ஆம் மாடி, 202 மீட்டர் உயரம், கட்டணம் கிடையாது. குளிர்காலத்தில் வானம் தெளிந்திருந்தால் ஃபுஜி மலையும் தெரியும்.

6. காலை முதல் நள்ளிரவு வரை ஒரே நாளில் ஓடச்சொல்லும் திட்டம் ஒன்று இத்தகைய புத்தகங்களில் இருக்கும். அதை இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும். அதன்பின் வாடகைக் கார்தான், செலவும் அதிகம். அருங்காட்சியகங்கள் பல திங்களன்று மூடியிருக்கும். திங்கள் அரசு விடுமுறையாக வந்தால் அன்று திறந்துவைத்துச் செவ்வாயன்று மூடுவார்கள். மிதாகாவிலுள்ள கிப்லி அருங்காட்சியகத்துக்கு வாசலில் சீட்டு கிடையாது. நாளும் நேரமும் குறித்து முன்பே வாங்கவேண்டும்.

7. புத்தகத்தில் இல்லாத டோக்கியோவுக்குக் கட்டாயம் ஒரு நாள் கொடுங்கள். படங்களில் மனிதர்களே இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். கட்டடத்தின் வடிவம் தெரிய அப்படி எடுப்பது சரிதான். ஆனால் ஓர் ஊரை அவ்வளவு வெறுமையாகப் பார்த்துப் பழகிவிடக் கூடாது. 1923 நிலநடுக்கத்திலும் போர்க்காலக் குண்டுவீச்சிலும் பெரும்பாலும் தப்பிய யானகா பகுதிக்குப் போங்கள். சின்னச் சின்னக் கோயில்கள், கல்லறைத்தோட்டம், கறிகாய்க் கடைகள். மினோவாபாஷியிலிருந்து வாசெதா வரை 12 கிலோமீட்டர் ஓடும் பழைய டிராமில் ஏறுங்கள். பள்ளிப் பிள்ளைகளும் பாட்டிமார்களும் நிறைந்திருப்பார்கள். முதல்நாள் பார்த்த கண்ணாடிக் கட்டடங்கள் எத்தகைய வீடுகளுக்கு நடுவே எழுந்தன என்பது அதில் போகும்போதுதான் விளங்கும்.

8. சாப்பாட்டு விஷயத்தில் சைவர்கள் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள். காய்கறியும் டோஃபுவும் மட்டும் மிதக்கும் சூப்பிலும் பெரும்பாலும் உலர்மீன் சாறுதான் அடிப்படை. அதைத் ‘தாஷி’ என்பார்கள். அலங்காரக் கையேடுகள் மேசையின் அழகைச் சொல்லும், இதைச் சொல்லாது. பௌத்த மடங்களின் ‘ஷோஜின் ரியோரி’ சைவ உணவு. அதைத் தேடிப் போய்ச் சாப்பிடலாம், அவ்வளவு நுட்பமான சமையல். நம்மூர் ருசிக்கு ஏங்கினால் இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி கசாயில் மளிகையும் சாப்பாடும் கிடைக்கும். இசகாயா போன்ற சிறு மதுக்கடைகளில் கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணம் வரும். அதற்கும் கணக்கில் காசு சேரும். சண்டை போடாதீர்கள், அது அவ்வூர் வழக்கம். இனாம் கொடுப்பது வழக்கமில்லை.

9. திரும்பி வந்ததும் கையேட்டை அலமாரியில் பூட்டிவைக்காமல் அடுத்துப் போகிறவரிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன், மூடிய கடைகளை அடித்துவிட்டு, சரியான வாசல் எண்ணையும் நீங்கள் போன மாதத்தையும் ஆண்டையும் பென்சிலால் ஓரத்தில் எழுதிவையுங்கள்.