ஹோஸ் ஏன் வெடித்தது?



குளிர்விப்பு முறையின் பாகங்களை எழுது என்று வினாத்தாளில் கேட்டால், ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் என்று எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். மற்ற மூன்றுக்கும் பத்தி பத்தியாக விளக்கம் உண்டு. ஹோஸுக்கு ஒரு வரிகூட யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதியதில்லை. கோடை விடுமுறையில் என் மாமாவின் 1996 மாடல் அம்பாசிடர்தான் அந்தப் பாடத்தை எனக்கு நடத்தியது.

மாமா அந்த வண்டியைக் கல்யாண வாடகைக்கு விடுகிறார். முகூர்த்த நாளில்தான் வருமானம். அப்படி ஒரு காலையில், பெண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டில் இருக்க, நத்தம் சாலையில் பானட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. திறந்தால் மேல் ஹோஸ் வாயைப் பிளந்து கிடக்கிறது. உடனே இன்ஜினை நிறுத்தியதால் சிலிண்டர் ஹெட் தப்பித்தது. ஜோடி வேறு வேனில் ஏறிப் போனது. வாடகைப் பணம் போச்சு.

அந்த ஹோஸ் மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "டூப்ளிகேட்டைக் குடுத்து ஏமாத்திட்டான்டா மாப்ளே" என்றார் மாமா. எனக்கும் கோபம். கடைக்குப் போய் நாலு பேர் முன்னால் கடைக்காரரைக் கன்னாபின்னா என்று பேசிவிட்டேன். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. காசு வாங்காமல் வேறு ஹோஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி, வெட்டிப் பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

கெட்டுப்போன ஹோஸ் சொல்லும் சேதி

வெட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. வெப்பத்தால் வயதான ஹோஸ் கெட்டியாகிவிடும். மேலே பளபளப்பு இருக்கும். வளைத்தால் வெடிப்பு தெரியும்.

2. சில ஹோஸ் வெளியே புதிது போலவே இருக்கும், உள்ளே போயிருக்கும். கூலண்ட், இன்ஜின் உலோகம், ரப்பர் மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்வதால், உட்சுவரில் நீளவாக்கில் நுண்ணிய கீறல்கள் விழும். அந்தக் கீறல் வழியாக நீர் போய் நடுவில் உள்ள நூல் பின்னலைக் கெடுக்கும். இது பெரும்பாலும் கிளாம்ப்பிலிருந்து 2 அங்குலத்துக்குள் வரும். இன்ஜின் ஆறிய பிறகு அந்த இடத்தை இரண்டு விரலால் அமுக்குங்கள். பிறகு நடுப்பகுதியை அமுக்குங்கள். நுனி மட்டும் தொளதொள என்றிருந்தால் மாற்ற வேண்டியதுதான். கூலண்ட்டைக் காலாகாலத்தில் மாற்றாத வண்டிகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

3. எண்ணெய் பட்ட ஹோஸ் உப்பிப்போய், பஞ்சு போல மெத்தென்றாகிவிடும். கூலண்ட் ஹோஸ் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பரில் செய்யப்படுகிறது. சூட்டையும் கூலண்ட்டையும் தாங்கும் அந்த ரப்பருக்கு இன்ஜின் ஆயில் ஆகாது.

4. கீழ் ஹோஸ், பம்ப் உறிஞ்சும் பக்கம். இன்ஜின் ஆறும்போது அது சப்பிக்கொண்டால் ரேடியேட்டர் மூடியிலுள்ள வெற்றிட வால்வைச் சந்தேகப்படுங்கள்.

5. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய சில நொடியிலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், ஹெட் கேஸ்கட் வழியாக எரிவாயு உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

என் ஹோஸ் சொன்னது

ரேடியேட்டர் பக்க நுனி நன்றாகவே இருந்தது. இன்ஜின் பக்கம் நாலு விரல் அகலத்துக்கு உப்பல். தொட்டால் விரலில் கருப்பாகப் பிசுபிசுப்பு. எண்ணெய்தான், சந்தேகமில்லை. உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்தா? வெட்டிப் பார்த்தேன். உட்சுவர் சுத்தம்; உப்பல் எல்லாம் வெளிச்சுவரில். ரேடியேட்டரிலும் எண்ணெய்ப் படலம் இல்லை. ஆக, மேலே எங்கிருந்தோ சொட்டியிருக்கிறது.

இன்ஜினின் முன்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்து, தெர்மோஸ்டாட் வீட்டைச் சுற்றி முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். புது ஹோஸை மாட்டி, 20 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். வெள்ளைப் பவுடரில் கருப்பாக ஒரு கோடு. கோட்டின் தலை டாப்பெட் கவரின் முன்மூலையில்!

எனக்கு வியர்த்துவிட்டது. அந்தக் கவருக்குக் கார்க் கேஸ்கட் மாற்றியது நான்தான். முதல் ஹோஸ் மாட்டிய அதே நாளில், "இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் ஒழுகவே ஒழுகாது" என்று பலத்தைக் காட்டினேன். கார்க் பிதுங்கிக் கிழிந்து, கவரின் விளிம்பும் வளைந்திருந்தது. கடைக்காரர் கொடுத்த ஹோஸ் நல்ல ஹோஸ். அதைக் கொன்றவன் நான்.

கவரின் விளிம்பை மரக்கட்டை வைத்துத் தட்டிச் சமன் செய்தேன். புது கேஸ்கட் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றி, கார்க் லேசாக அமுங்கும் அளவு மட்டும் முறுக்கினேன். பிறகு பிரஷர் டெஸ்டரை இரவல் வாங்கி, ஆறிய இன்ஜினில் மூடியில் பொறித்திருந்த அளவுக்குக் காற்றடித்து 10 நிமிடம் வைத்தேன். முள் இறங்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 0.9 பார் மூடி உள்ள அமைப்பில் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று போய், அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். வண்டி ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள்.

மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்கிட்ட சொன்னது சரி. கடையிலயும் போய்ச் சொல்லிட்டு வா" என்றார். இரண்டாவது ஹோஸுக்கான பணத்தோடு போனேன். அன்றும் கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, "தப்பு என்னுதுண்ணே" என்றேன். அவர் பணத்தை எண்ணாமல் கல்லாவில் போட்டுவிட்டு, "இப்ப ஒழுகலையே தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

நண்பர்களே, நாளை நாமும் ஏதோ ஒரு பட்டறையில் நிற்கப்போகிறோம். உடைந்த பாகத்தைக் குப்பையில் போடுமுன் ஒரு தடவை வெட்டிப் பாருங்கள். யாரையும் திட்டக் கிளம்புமுன் கட்டாயம் வெட்டிப் பாருங்கள்.