செடியே வாத்தியார்

கேள்வி: செடிகளைப் படமெடுத்தே வடிவமைப்பு கற்றுக்கொடுத்த ஜெர்மானியர் ஒருவர் இருந்தாராமே, யார் அவர்?

பதில்: கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932). இளமையில் இரும்பு வார்ப்பு ஆலையில் தொழில் பழகியவர். 1898 முதல் பெர்லினில் ஆசிரியர். செடிகளை மாதிரியாக வைத்து உருவம் செய்யப் பயிற்றுவித்தார்.

பறித்த செடி எத்தனை நாள் வாடாமல் இருக்கும்? அதனால், தானே அமைத்த கேமராவில், வெற்றுப் பின்னணியில் வைத்துப் படமெடுத்தார். சில படங்களில் 30 மடங்கு வரை உருப்பெருக்கம்! சுருண்டிருக்கும் பெரணித் தளிரின் படத்தைப் பாருங்கள்: கைதேர்ந்த கொல்லர் வளைத்த இரும்புக் கம்பிபோல் இருக்கிறது. தண்டிலுள்ள மெல்லிய ரோமம்கூடத் தெரிகிறது.

பாடத்துக்காக எடுத்தவை இப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. 1928-இல் 120 படங்களுடன் புத்தகம் வந்த பிறகே, அறுபதைத் தாண்டிய அந்த ஆசிரியரை உலகம் கவனித்தது. தாமதம்தான், ஆனால் முழுத் தகுதியுள்ள புகழ்.

வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இந்தப் படங்களை அவசியம் காட்டுங்கள்.