காப்போர் கற்கும் கல்வி

நுழையும்முன்

ஓலைச்சுவடி, செப்பேடு, நாணயம், செய்தித்தாள், ஒளிப்படம் ஆகியன ஓர் இனத்தின் வாழ்வைச் சொல்லும் சான்றுகள். அவற்றை எழுதியோரையும் படைத்தோரையும் நாம் போற்றுகிறோம். தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்தோரை எண்ணிப் பார்ப்பதில்லை. காத்தல் என்பது கற்றுத் தேற வேண்டிய ஒரு கலை. அக்கலையில் வல்லவரும் தம் அறிவை இடைவிடாது புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

மந்தைவெளியிலிருந்து ஒரு பயணம்

கால்நடைகள் கூடிய வெட்டவெளி என்னும் பொருளைத் தன் பெயரில் தாங்கி நிற்கும் பகுதி மந்தைவெளி. சென்னையின் தென்பகுதியில், மயிலாப்பூரை அடுத்துள்ள இவ்விடத்திலிருந்து பறக்கும் தொடர்வண்டியில் தெற்கு நோக்கிச் சென்றால், தமிழரின் எழுத்துச் செல்வம் காக்கப்படும் இடங்கள் பலவற்றை ஒரு பகற்பொழுதில் கண்டுவரலாம்.

கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இயங்குகிறது. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகள் பல அங்குள்ளன. அடையாற்றின் தென்கரையில் 1886இல் தொடங்கப்பெற்ற அடையாறு நூலகம் உள்ளது. பெசன்ட் நகரில், 1943இல் நிறுவப்பெற்ற டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளைப் பேணுகிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்துள்ளது. வடக்கே எழும்பூருக்குச் சென்றால், அரசு அருங்காட்சியகத்தையும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் காணலாம்.

இவ்விடங்களில் எல்லாம் பணியாற்றுவோர் எதிர்கொள்ளும் பகைகள் ஒன்றே: கடற்காற்றின் ஈரம், வெப்பம், பூச்சி, பூஞ்சை, தாளுக்குள்ளேயே தோன்றும் அமிலம். பகை பொதுவாக இருப்பதால், அதனை வெல்லும் அறிவும் பொதுவாக வேண்டும்.

பழைய முறையும் புதிய தேவையும்

ஓலை நிலையாமை உடையது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆகவே, பழுதுற்ற ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்தனர். எழுத்துத் தெளிவாகத் தெரிய மை தடவினர். பூச்சி அணுகாதிருக்க எண்ணெய் பூசினர். படியெடுக்கும் மரபு தளர்ந்தபோது, பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கின்போது ஆற்றில் விடும் வழக்கத்தால் பல நூல்கள் அழிந்தன. ஏடு இருந்தும் அதனைக் காக்கும் அறிவு அற்றுப்போனதே அவ்விழப்பிற்குக் காரணம்.

அச்சு பரவிய பின்னர்ச் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் மரக்கூழால் செய்யப்பட்ட மலிவான தாள், தன்னுள் தோன்றும் அமிலத்தால் பழுப்பேறி நொறுங்கும் இயல்புடையது. ஓலையைக் காக்க அறிந்தவர் தாளைக் காக்கப் புதிதாகக் கற்க வேண்டியவரானார். ஒளிப்படமும் ஒலிநாடாவும் கணினிக் கோப்பும் வந்தபோது, ஒவ்வொன்றுக்கும் மீண்டும் கற்க நேர்ந்தது.

அருங்காட்சியகத்தில் ஓர் ஆய்வகம்

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பெற்றது. அங்குள்ள வெண்கலத் திருமேனிகள் உலகப் புகழ் பெற்றவை. மண்ணில் புதைந்து கிடந்து வெளிப்பட்ட வெண்கலத்தில் குளோரைடு உப்புகள் தங்கியிருக்கும். காற்றின் ஈரம் படும்போது அவை வெளிர்பச்சைத் தூளாகப் பூத்து உலோகத்தை அரிக்கும். இதனை ‘வெண்கல நோய்’ என்பர். தூசு துடைப்பதால் இந்நோய் தீராது. வேதியியல் அறிந்தவர் தேவைப்பட்டார்.

இத்தேவையை நிறைவேற்ற 1930இல் அவ்வருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்தது. அறிஞர் எஸ். பரமசிவன் அதன் பணிகளுக்கு வித்திட்டார். காரக் கரைசலில் திருமேனியை மூழ்கவைத்து, மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, உப்பை வெளியேற்றும் மின்பகுப்பு முறை அங்குக் கையாளப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்கள் 1931இல் வெளிப்பட்ட பின், அவை வரையப்பட்ட முறையையும் பரமசிவன் வேதியியல் நோக்கில் ஆராய்ந்தார்.

ஆய்வகம் பொருள்களைச் சீர்செய்வதோடு நிற்கவில்லை. பிறருக்குக் கற்பிக்கும் இடமாகவும் வளர்ந்தது. அருங்காட்சியகப் பொருள்களைப் பேணும் முறை பற்றிய புத்தாக்கப் பயிற்சியை நடத்திவருகிறது. ஒருவர் கண்ட தீர்வு பலருக்கும் உரியதாவது இவ்வாறுதான்.

நேற்றைய மருந்து, இன்றைய நோய்

ஒருமுறை பயின்றால் போதாதா என்னும் வினா எழலாம். நம் நாட்டு ஆவணப் பாதுகாப்பின் வரலாறே இதற்கு விடை தருகிறது.

நொறுங்கும் தாளின் இருபுறமும் மெல்லிய பட்டுத்துணியைப் பசையால் ஒட்டுவது ஒரு காலத்தில் சிறந்த முறையாகக் கருதப்பட்டது. சில பத்தாண்டுகளில் பட்டே நலிந்து போனது. பின்னர், தாளின் மீது செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தை வைத்து, அசிட்டோனில் தோய்த்த பஞ்சால் தடவி ஒட்டும் முறை புதுதில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவாக்கப்பட்டது. பெரிய இயந்திரமோ வெப்பமோ வேண்டாத அம்முறையைப் பிற நாட்டினரும் மேற்கொண்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, வெப்பமும் ஈரமும் மிக்க சூழலில் அப்படலம் சிதைந்து அமிலத்தை வெளியிடுவது தெரியவந்தது. காக்க வந்த உறையே தாளுக்குக் கேடாயிற்று.

அதனைச் செய்தோர் அக்கறையற்றவர் அல்லர். தம் காலத்தின் சிறந்த அறிவைக் கொண்டே செயற்பட்டனர். இப்பட்டறிவிலிருந்து பெற்ற நெறியே இன்று இத்துறையின் அடிப்படையாக விளங்குகிறது: ஒரு பொருளுக்கு நாம் செய்யும் எச்சிகிச்சையும், பின்னொரு நாள் பொருளுக்கு ஊறின்றி நீக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். மாவுப்பசையும் மெல்லிய சப்பானியத் தாளும் இன்று விரும்பப்படுவது இதனால்தான். பழைய முறையின் தீங்கை அறியாத ஒரு பணியாளர், நல்லெண்ணத்துடனே ஓர் அரிய ஆவணத்தைக் கெடுத்துவிடக்கூடும். எனவே, காப்பாளரின் கல்வி அவருடைய பதவி உயர்வோடு முடிவதன்று. பொருளின் உயிரோடு பிணைந்தது.

கூடிக் கற்றல்

இத்துறையினர் கற்பதற்குப் பல வாயில்கள் உள்ளன. தேசிய ஆவணக் காப்பகம் 1976இல் தொடங்கிய பயிற்சி நிறுவனம், 1980 முதல் ஆவணவியல் கல்விப் பள்ளி என்னும் பெயருடன் பட்டயப் படிப்பையும் குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்தியுள்ளது. 1944இல் உருவான இந்திய அருங்காட்சியகச் சங்கம் அத்துறையினரை ஒன்றுகூட்டுகிறது.

ஆயினும், தனிமனிதர் ஒருவரின் ஆர்வத்திலும் இக்கல்வி தொடங்கலாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக அறிவிப்புகளையும் திருமண அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபோது, ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியபோதும் தமிழ்நாட்டை விட்டு அகற்றவில்லை. 1994இல் அத்தொகுப்பு ஆராய்ச்சி நூலகமாயிற்று. நுண்படம் எடுத்தல், பட்டியலிடல், தாள் பேணல் ஆகியவற்றில் தேர்ந்த பணியாளர் குழு அங்கேயே உருவானது. அதன் சொற்பொழிவுகளும் கண்காட்சிகளும் பொதுமக்களையும் காப்பகத்தினுள் அழைக்கின்றன.

ஆகஸ்டுத் திங்களில் கொண்டாடப்படும் சென்னை நாளும் அத்தகையதே. அந்நாட்களில் நடைபெறும் உலாக்களிலும் கண்காட்சிகளிலும், வீட்டுப் பெட்டியில் உறங்கிய ஒளிப்படமும் கடிதமும் வெளிச்சம் காண்கின்றன. காப்பாளர் மக்களிடமிருந்து சான்றுகளை அறிகிறார். மக்கள் அவரிடமிருந்து காக்கும் முறையை அறிகின்றனர்.

இழப்பின் ஆழத்தை ஈழத்தமிழர் அறிவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு படி இல்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகத் திட்டம், ஈழத்து எழுத்துகளை மின்மயமாக்கிப் பொதுவில் வைக்கிறது. ஒரே இடத்தில் ஒரே படியாக எதுவும் இருத்தலாகாது என்பது அத்தீ கற்பித்த பாடம்.

> தெரியுமா?
> பன்னாட்டு ஆவணக் குழு 1948 சூன் 9 அன்று உருவானது. அந்நாளே பன்னாட்டு ஆவணங்கள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பன்னாட்டு அருங்காட்சியக நாள் 1977 முதல் மே 18 அன்று கொண்டாடப்படுகிறது.

நம் வீட்டு ஆவணங்கள்

2015 திசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது, சென்னையில் எண்ணற்ற குடும்பங்கள் சான்றிதழ்களையும் ஒளிப்படங்களையும் இழந்தன. நனைந்த தாளில் இரண்டு நாள்களுக்குள் பூஞ்சை படரத் தொடங்கும். அதனைக் கடும் வெயிலில் காய வைத்தல் தவறு. நிழலில், காற்றோட்டத்தில், உறிஞ்சு தாளின் மேல் பரப்பி உலர்த்த வேண்டும். ஒட்டிக்கொண்ட ஒளிப்படங்களை வலிந்து பிரித்தலாகாது. கிழிந்த ஆவணத்தில் ஒட்டுநாடா ஒட்டுதலும் கூடாது. அதன் பசை நாளடைவில் தாளைக் கறைப்படுத்தும். காப்பாளர் அறிந்த இச்செய்திகள் முன்னரே மக்களிடம் சென்றடைந்திருந்தால், எத்தனையோ குடும்பங்களின் நினைவுகள் பிழைத்திருக்கும்.

பேழையில் உள்ள ஏட்டைப் போலவே, அதனைக் காக்கும் அறிவும் கைமாறிக் கைமாறியே வாழ்கிறது. கற்போர் இருக்கும்வரை காப்போர் இருப்பர். காப்போர் இருக்கும்வரை நம் வரலாறும் நிலைத்திருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அருங்காட்சியகம் அல்லது நூலகத்திற்குச் சென்று, அங்குப் பொருள்கள் பேணப்படும் முறையைக் கேட்டறிந்து அறிக்கை எழுதுக.
2. உங்கள் வீட்டிலுள்ள பழைய ஆவணம் ஒன்றின் காலம், உரியவர், தற்போதைய நிலை ஆகியவற்றைப் பட்டியலிடுக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்த ஆண்டு
அ) 1851 ஆ) 1886 இ) 1930 ஈ) 1976

*குறுவினா*

2. ‘வெண்கல நோய்’ என்பது யாது?
3. மரக்கூழ்த் தாள் நொறுங்குவதற்குக் காரணம் என்ன?

*சிறுவினா*

4. ‘காக்க வந்த உறையே தாளுக்குக் கேடாயிற்று’ – இடஞ்சுட்டி விளக்குக.

*நெடுவினா*

5. காப்பாளர்கள் தொடர்ந்து கற்பதன் தேவையையும் அக்கல்வியில் பொதுமக்கள் பெறும் பங்கையும் பாடப்பகுதி வழி நிறுவுக.