சுருட்டுப் புகையிலையை முதிரவைத்தல்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் மரக்கறிப் பயிர்களோடு மாறி மாறிப் புகையிலை நடுவோர் இன்றும் உளர். வெட்டிய இலையை உலர்ந்ததும் உலராததுமாக விற்றுக் காசாக்க விரும்புவது இயல்பே. ஆயினும் சுருட்டிலைக்கு விலையைத் தேடித் தருவன மணமும் சுவையுமாகும். அவை தோட்டத்தில் மட்டும் உண்டாவனவல்ல.

புதிய இலையிற் சுற்றிய சுருட்டு தொண்டையை ஏன் உறுத்துகின்றது? இலையிலுள்ள புரதப் பொருள்கள் சிதையும்பொழுது அமோனியா உண்டாகின்றது. மாட்டுக் கொட்டிலில் மூக்கிலேறும் நெடியும் அதுவே. இலையை அடுக்கி நொதிக்கவிட்டால் இவ்வாயு சிறிது சிறிதாக வெளியேறும், நிக்கொற்றின் ஓரளவு குறையும், நிறம் கருக்கும், காரம் தணிந்து மணம் மேலெழும். இதனால் சுருட்டு தீங்கற்றதாகிவிடும் என எண்ணற்க. முதிர்ச்சி சுவையை மாற்றுமேயன்றிப் புகையின் நஞ்சை நீக்காது.

அடுக்குமுன் இலையின் பதத்தைப் பார்த்தல் வேண்டும். கையில் மடக்கும்போது நொறுங்காமல் வளைய வேண்டும். நடுநரம்போ நன்கு உலர்ந்திருக்க வேண்டும். நிறை கூட்டுவதற்காக நீர் தெளிப்போர் சிலர் உளர். அவர்கள் சில சத இலாபத்துக்காக முழு அடுக்கையும் பூஞ்சணத்துக்குக் கொடுப்பவர்கள்.

கூட்டெருக் குவியலிற் போலவே புகையிலை அடுக்கின் நடுவிலும் சூடு ஏறும். 45 முதல் 50 பாகை செல்சியஸ் வரை ஏறியதும் அடுக்கைப் பிரித்து, உள்ளிருந்த கட்டுகளை வெளியிலும் வெளியிருந்தவற்றை உள்ளிலுமாக மாற்றி அடுக்குங்கள். தாமதித்தால் இலை கருகி மணமிழக்கும். மாற்றி அடுக்கியும் சூடு ஏறாத நிலை வரும்வரை இவ்வாறு செய்தல் வேண்டும்.

அதன்பின் இலை மெதுவாக முதிரும். தடித்த, காரமான இலைக்கு நீண்ட காலம் நன்மை தரும். மெல்லிய இலை நெடுநாள் கிடந்தால் உள்ள மணத்தையும் இழக்கும். ஆண்டு கூடக்கூடச் சுவையும் கூடும் என்பது எல்லா இலைக்கும் பொருந்தாது. சுற்றிய சுருட்டையும் ஈரம் அடங்கும்வரை சில கிழமைகள் நிழலில் வைத்தே விற்க வேண்டும்.

கட்டுகளைப் பாயிற் பொதிந்து, நிலத்திற் படாமல் பலகைமேல் வையுங்கள். மாரியில் அடிக்கடி பிரித்துப் பாருங்கள். ஊசித் துளைகளும் மாப்போன்ற தூளும் காணப்பட்டால் அது புகையிலை வண்டின் வேலை. அக்கட்டைக் களஞ்சியத்துக்கு வெளியே கொண்டுசென்று பிரித்து, துளைபட்ட இலைகளை எரித்துவிடுங்கள். சென்ற போகத்தின் கழிவிலை மூலைகளிற் கிடப்பின் அதையும் கூட்டி எரியுங்கள். வண்டு பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.