பேசி முடித்த விலையும் பாங்கி மதிப்பும்



வீட்டுக்கு விலை பேசி, அச்சாரமும் கொடுத்தான பிறகு பாங்கியின் மதிப்புக் குறைந்து வந்தால், விற்பவரிடம் விலையைக் குறைத்துக் கேட்கலாமா? அது வாக்குத் தவறுவதாகாதா? வியாபாரிகளாகிய நமக்கு வாக்கே முதல். ஆதலின் இதைச் சற்று நிதானித்தே ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த்தில் ஓர் ஒற்றை மாடி வரிசை வீட்டை நாம் 500,000 வெள்ளிக்குப் பேசினோம். மலேசியாவில் முதல் இரண்டு வீடுகளுக்குப் பாங்கிகள் நூற்றுக்கு 90 வரை தருவதுண்டு. (மூன்றாவது வீட்டிலிருந்து 70தான் என்று 2010 நவம்பரில் பேங்க் நெகாரா வரையறுத்தது.) அதன்படி 450,000 கிடைக்கும், கைப்பணம் 50,000 போதும் என்றிருந்தோம். மதிப்பீட்டாளரோ வீடு 450,000தான் பெறும் என்று எழுதிவிட்டார். விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் பாங்கி 90 தரும். இஸ்லாமிய பாங்கியிலும் அப்படியே. ஆக, கிடைப்பது 405,000. கைப்பணம் 95,000 வேண்டும். அச்சாரமாக நூற்றுக்கு 2 ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

மார்க்கத்தின் நிலை என்ன? ஷாபிஈ மத்ஹபில், பேசிய இடத்தை விட்டுப் பிரியும் வரை இருவருக்கும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. ஹனபி மத்ஹபில் ஈஜாபும் கபூலும் ஆனதும் வியாபாரம் முடிந்தது. வாங்காவிட்டால் அச்சாரத்தை எடுத்துக்கொள்ளும் ‘உர்பூன்’ முறையை மற்ற மூன்று இமாம்களும் ஏற்கவில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அனுமதித்தார்கள். 1993ல் புருணையில் கூடிய சர்வதேச பிக்ஹ் சபை, காலக்கெடு குறித்திருந்தால் அது கூடும் என்றது. ஆனால் விற்பவர் மனமொப்பி விலையைக் குறைப்பதை எவரும் தடுக்கவில்லை. இரு தரப்பாரும் இசைந்து வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் ‘இகாலா’வோ நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்ன காரியம். ஆகவே கேட்பது குற்றமன்று; பொய் சொல்லிக் கேட்பதும் நெருக்குவதுமே குற்றம்.

தரகர் ஒரு யோசனை சொன்னார்: நமக்கு வேண்டிய தொகையை எழுதித் தரும் மதிப்பீட்டாளர் இருக்கிறாராம்! வேறு பாங்கியில் நேர்மையாக இன்னொரு மதிப்புக் கேட்பது வேறு, மதிப்பை விலைக்கு வாங்குவது வேறு. மறுத்துவிட்டோம். பத்திரத்தில் குறைத்து எழுதி மீதியைக் கையில் கொடுப்பதும் இதே கியானத்துதான். தவிர, முத்திரை வரிக்கு விலை, சந்தை மதிப்பு இரண்டில் கூடியதையே அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர். மதிப்பு அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரில் போனோம். “வாக்குக் கொடுத்தீர்களே!” என்று கோபித்தார். நாம் எதிர்வாதம் செய்யவில்லை. அதே வரிசையில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையைக் காட்டினோம். பின்புறம் அவர் நீட்டிக் கட்டிய சமையல்கட்டுக்கு நகராண்மைக் கழக அனுமதி இல்லாததால் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் சொன்னோம். அது அவருக்கே புதுச் செய்தி. “குறைக்க மனமில்லையென்றால் முறித்துக்கொள்வோம், வருத்தமில்லை” என்றோம். அச்சாரம் போய்விடுமே என்று உள்ளூர வருத்தம் இருந்தது உண்மை.

அச்சாரக் கடிதம் எழுதும்போதே நாம் தவறியிருந்தோம். கடன் மறுக்கப்பட்டால் அச்சாரம் திரும்பும் என்றிருந்ததே தவிர, கடன் குறைந்து வந்தால் என்ன என்று ஒரு வரி இல்லை. குறைந்த கடன் மறுப்பாகாது. இன்ன தொகைக்குக் குறைந்தால் அச்சாரம் திரும்பும் என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். அச்சாரம் கொடுக்கும் முன்பே இரண்டு மூன்று பாங்கிகளில் வாய்மொழி மதிப்புக் கேட்டு வைப்பதும் நல்லது.

நான்கு நாள் கழித்து ஆசிரியரே அழைத்தார். 475,000க்கு இசைந்தார். கடன் 405,000 போக, கைப்பணம் 70,000 ஆயிற்று. பாதிக் குறைவை அவர் ஏற்றார், பாதியை நாம் ஏற்றோம். கூடுதல் 20,000 கடை முதலிலிருந்துதான் வந்தது. அவ்வருட நோன்புப் பெருநாளுக்குச் சரக்குக் குறைத்தே எடுத்தோம்.