முகத்தில் தெரியும் விலை

கேள்வி: வீடியோ கேம்களில் ஒளித்து வைக்கும் சின்னச் சின்ன விவரங்களால் கதைக்கு என்ன பயன்?

பதில்: ஜப்பானின் ஃபுமிட்டோ உவேடா இயக்கி 2005-இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ விளையாடிப் பாருங்கள். இறந்த பெண்ணை உயிர்ப்பிக்க ஓர் இளைஞன் 16 ராட்சத உருவங்களை வீழ்த்துகிறான். வசனம் மிகக் குறைவு. ஆனால் அவை விழ விழ, அவன் தோல் வெளிறுகிறது, தலைமுடி கறுக்கிறது; முடிவை நெருங்கும்போது சிறு கொம்புகளும் முளைக்கின்றன. அவள் கிடக்கும் பீடத்தருகே வெண்புறாக்கள் ஒவ்வொன்றாகக் கூடுகின்றன. விளையாட்டு இதை எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. நானாகக் கவனித்தபோது வெற்றிக் களிப்பு வடிந்து, குற்ற உணர்வு வந்தது. வசனமாகச் சொல்லியிருந்தால் கேட்டு மறந்திருப்பேன். என்னையே கண்டுபிடிக்க விட்டதால், அவன் செய்யும் பாவத்தில் எனக்கும் பங்கு வந்துவிட்டது. கதைக்குக் கிடைக்கும் பெரிய பயன் அதுதான்.