பெட்டி போச்சு, பேச்சு போகல

நம்பிக்கை: ஃபேனை ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் கரண்ட் ஒன்றுதான்.

எங்கள் அத்தை இன்றைக்கும் இதைச் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வீட்டுச் சுவரில் அந்தக் காலத்தில் இருந்தது செங்கல் பருமனில் ஒரு கறுப்பு ரெகுலேட்டர் பெட்டி. திருகினால் டக் டக்கென்று சத்தம் வரும். உள்ளே கம்பிச்சுருள். வேகத்தைக் குறைத்தால், மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை அந்தச் சுருளே சூடாக்கித் தின்றுவிடும். மழைக்காலத்தில் அதன் தலையில் கைக்குட்டை காயப்போட்டிருக்கிறேன். ஆக, மிச்சம் கொஞ்சம் இருந்தது. பில்லில் தெரிகிற அளவுக்கு இல்லை.

இப்போது சுவிட்ச்போர்டில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிற ரெகுலேட்டர் வேறு ரகம். உள்ளே கெபாசிட்டர். சூடாகி வீணாவது மிகக் குறைவு; வேகம் குறைந்தால் செலவும் குறையும். சந்தேகம் இருந்தால் மீட்டரைப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஃபேனை மட்டும் ஓடவிட்டு, மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்குவதை எண்ணினால் போதும். எங்கள் மீட்டரில் யூனிட்டுக்கு 3,200 மினுக்கு. 75 வாட் ஃபேன் ஐந்தில் ஓடியபோது 15 விநாடிக்கு ஒன்று. ஒன்றில் வைத்ததும் அடுத்த மினுக்குக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருந்தோம். அத்தையும் பக்கத்தில் நின்று எண்ணினார். "மீட்டர்ல ஏதோ கோளாறு" என்றார்.

நம்பிக்கை: போனில் சார்ஜ் முழுசாக இறங்கிய பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்.

இதுவும் பழைய பெட்டிக் கதைதான். நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்த நாளில் இந்த அறிவுரைக்குக் காரணம் இருந்தது. பாதியிலேயே சார்ஜ் போட்டுப் பழக்கினால் அது பாதிவரைதான் உழைக்கும். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பேட்டரியின் குணம் நேர் எதிர். அடியோடு காலியாவதும் அதற்கு ஆகாது, நூறைத் தொட்டபடி சூட்டில் கிடப்பதும் ஆகாது. இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் இருந்தால் நிறைய நாள் உழைக்கும். தலையணைக்கு அடியில் வைத்து விடிய விடிய சார்ஜ் போடுகிறவர்கள் கவனிக்க.

நம்பிக்கை: ஏசியை 16-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும்.

இதற்குப் பழைய காலத்துச் சாக்குகூடக் கிடையாது. ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரஸருக்கு 16 என்பது எப்போது நிறுத்த வேண்டும் என்ற கணக்கு மட்டுமே. எவ்வளவு வேகமாகக் குளிர்விக்க வேண்டும் என்ற கட்டளை அல்ல. இன்வெர்ட்டர் ஏசியும் வெக்கையான அறையில் 24 என்று வைத்தாலே பெரும்பாலும் முழு மூச்சில்தான் தொடங்கும். நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி 1 முதல் விதியே வந்துவிட்டது. நாமோ போட்டவுடன் முதல் வேலையாக 16-க்கு இறக்குகிறோம். இரண்டாவது வேலை, போர்வை தேடுவது.